நுரை வராத கேப்சூல்

பாக்கியநாதன் எதையும் நம்பமாட்டார். அதைக் கெட்ட குணம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. தொழில் அவரை அப்படி ஆக்கிவிட்டது.

பதினைந்து வயதில் பினாங்கில் ஒரு ஹைனான் சீன முதலாளியின், அதாவது தவுக்கேயின், ரொட்டிக்கடையில் மாவு பிசையச் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் மாதம் ஈஸ்ட் டின் ஒன்று கெட்டுப்போயிருந்தது. தெரியாமல் போட்டுவிட்டார். முந்நூறு ரொட்டியும் செருப்பு மாதிரி தட்டையாக வந்தன. தவுக்கே அதில் ஒன்றை எடுத்து அவர் தலையில் ஓங்கி அடித்தார். ரொட்டி உடையவில்லை. அந்த அளவுக்கு நல்ல ரொட்டி.

அன்றிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சீனி போட்டு, ஒரு கரண்டி ஈஸ்ட்டைக் கரைத்து, பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நுரை பொங்கினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பொங்காவிட்டால் டின்னோடு குப்பைக்குப் போகும். முப்பத்தாறு வருடமாக ஒரு நாள்கூட இதைத் தவறவிட்டதில்லை. அதோடு விட்டிருந்தால் நல்ல தொழிலாளி என்று பெயர் வாங்கியிருப்பார். அவரோ கண்டதையெல்லாம் தண்ணீரில் போட ஆரம்பித்தார். பட்டர்வொர்த் ஃபெர்ரி வாசலில் விற்ற தேன், பாசாரில் வாங்கிய மிளகாய்த்தூள், மருமகன் கொண்டுவந்த குங்குமப்பூ என்று எதுவும் தப்பவில்லை. புனித அன்னம்மாள் கோயில் தீர்த்தத்தை மட்டும்தான் தண்ணீரில் போட்டுப் பார்க்க முடியவில்லை. அதுவே தண்ணீராக இருந்து தொலைத்தது.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்காமல் விட்டார். அதுதான் அவரை மாட்டிவிட்டது.

தொண்ணூற்றைந்தாம் வருடம் மார்ச் மாதம் அவர் மனைவி அமலம்மாளுக்கு டிபி என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சந்திரிகா அட்டை ஒன்றை எழுதிக் கொடுத்து, விரலை ஆட்டிச் சொன்னார்.

"ஆறு மாசம், அக்கா. ஒரு நாள்கூட விடக்கூடாது. ரெண்டு மாசத்துல இருமல் நிக்கும், ஒடம்பு தேறும், எல்லாம் போயிட்ட மாதிரி இருக்கும். அப்பத்தான் ஏமாறக்கூடாது. பாதியில விட்டா கிருமி இன்னும் கெட்டியா திரும்பி வரும்லா."

பாக்கியநாதன் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். சுங்கை பினாங் ஃபிளாட்டில் எட்டாவது மாடி. முதல் வேலையாக அமலம்மாளின் டம்ளரில் சிவப்பு நூல் கட்டினார். தட்டு தனி, கரண்டி தனி. தன் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். இருமல் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் ஊரெல்லாம் பரவிவிடும் என்று ஜன்னல்களையும் சாத்தினார். கிருமியின்மேல் அவருக்கு அவ்வளவு சந்தேகம். அமலம்மாள் நூல் கட்டிய டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அமலம்மாள் தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய் மிஸ்ஸி கண்முன்னால் மாத்திரை விழுங்கிவிட்டு வருவார். இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியது. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அந்த நேரம் பார்த்து அருந்ததி டீச்சர் வந்தார்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அமலம்மாள் வாரம் இரண்டு நாள் அவர் வீட்டில் துணி இஸ்திரி போடுவது வழக்கம். இரண்டு மாதமாக ஆளைக் காணவில்லையே என்று லிஃப்ட் வேலை செய்யாத அன்றைக்கு எட்டு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பாக்கியநாதன் வேலை முடிந்து வந்தபோது மேசைமேல் ஒரு வெள்ளை பாட்டில் இருந்தது.

"இது என்னா மருந்து டீச்சர்?"

"மருந்தில்லை, பாக்கியநாதன். சத்து. ஈஸ்ட்டிலயிருந்து எடுக்கிறது. பென்சன் எடுத்த பிறகு நான் சேர்ந்த கொம்பனியில விக்கிறம்."

ஈஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் பாக்கியநாதனின் புருவம் இரண்டும் மேலே போய் நின்றன.

"முப்பத்தாறு வருசமா ஈஸ்ட்டோட குடும்பம் நடத்துறவன்கிட்டயே ஈஸ்ட் விக்கிறீங்களா?"

"இது ஈஸ்ட் இல்லை. அதின்ட தோல். பீட்டா குளுக்கான் எண்டு சொல்லுறது. உடம்புக்குள்ள காவல்காரர் இருக்கினமெல்லோ? இந்தத் தோலைக் கண்டா எதிரி வந்திட்டானெண்டு எழும்பி நிப்பினம்."

"அப்ப திருடனோட சட்டைய காட்டி போலீஸ எழுப்புறீங்க."

"அப்பிடியும் சொல்லலாம்."

"திருடன் இல்ல, வெறும் சட்டைன்னு தெரிஞ்சா போலீஸ் திரும்பப் படுத்துக்கமாட்டாங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "நானும் குடிக்கிறன். ஒரு வருசமா எனக்குத் தடிமன் வரேல்லை."

ஒரு வருடம் சளி பிடிக்காத ஆளை பாக்கியநாதன் அதுவரை பார்த்ததில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. டீச்சர் வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி ஏதோ சொன்னார். பாக்கியநாதன் காதில் வாங்கவில்லை. பாட்டிலை மூக்கில் வைத்து மோந்துகொண்டிருந்தார்.

மறுநாளே சோதனை நடந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், சீனி, ஒரு கேப்சூலின் தூள். பாக்கியநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆனது. இருபது நிமிடம் ஆனது. நுரை வரவில்லை. தூள் கிளாஸின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"செத்துப்போச்சு" என்று அறிவித்தார். "செத்த ஈஸ்ட்ட ஒந்தலையில கட்டிட்டாங்க, அமலி."

"தோலுன்னு சொன்னாங்களே. தோலு எப்படிங்க நொரைக்கும்?"

"ஈஸ்ட்னா நொரைக்கணும்லா."

"நொரச்சிருந்தா?"

"நொரச்சா வெறும் ரொட்டி ஈஸ்ட். அதுக்கு எதுக்கு இந்த வெல?"

கேப்சூல் எந்தப் பக்கம் விழுந்தாலும் பாக்கியநாதனுக்குத்தான் ஜெயம். அமலம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாட்டிலைத் திறந்து, ஒரு கேப்சூலை வாயில் போட்டு, சிவப்பு நூல் டம்ளரில் தண்ணீர் குடித்தார்.

மே மாதக் கடைசியில் கிளினிக் ஒரு சலுகை கொடுத்தது. அமலம்மாள் ஒரு நாளும் தவறாமல் வந்ததால் இனி மாத்திரையை வீட்டிலேயே விழுங்கலாம். ஆனால் வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, அட்டையில் அந்தந்த நாளுக்கு உரிய கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும். பாக்கியநாதன்தான் அந்த ஒருவர். பெருமையாக ஒப்புக்கொண்டார். கடைக்கு விடிவதற்கு முன்பே கிளம்பவேண்டும், அமலம்மாள் பசியாறிய பிறகுதான் மாத்திரை போடுவார். தினமும் அதற்காக நிற்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து, வருகிற ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்.

அவர் கவனமெல்லாம் வெள்ளை பாட்டிலில் இருந்தது. அமலம்மாள் நாளுக்கு நாள் தேறிவந்தார். யார் கேட்டாலும், "டீச்சர் குடுத்த கேப்சூல்தான்" என்றார். இது பாக்கியநாதனுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. டீச்சர் ஏதோ ஒரு வித்தை செய்கிறார் என்று தோன்றியது. அதைக் கண்டுபிடிக்க அவரும் ஒரு வித்தை செய்யத் தீர்மானித்தார்.

ஜூன் மாதம் அடுத்த பாட்டிலை டீச்சர் வீட்டிலிருந்து தானே வாங்கி வருவதாகச் சொன்னார். அவர் இப்படிச் சொன்னதும் அமலம்மாளுக்கு உடனே சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நம்புகிற பெண்பிள்ளை.

பாட்டில் வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டிக்கடைக்குப் போனது. மதிய வெதுப்பு முடிந்து அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது. பாக்கியநாதன் மேசையில் காகிதம் விரித்து, அறுபது கேப்சூலையும் ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்து, உள்ளே இருந்த தூளைத் தட்டிவிட்டு, சலித்த ரொட்டி மாவை நிரப்பி மூடினார். ஐம்பது கிலோ மாவை ஒரே மூச்சில் பிசைகிற கை, ஒரு கேப்சூலை மூடத் திணறியது. அடுப்பு வேலை பார்க்கும் பக்கிரிசாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"அண்ணே, இவ்ளோ சின்ன பன்னு நம்ம கடையில இதுவரைக்கும் போட்டதில்லையே. ஒண்ணு எவ்வளவுக்கு விக்கப் போறீங்க?"

"வாய மூடு. இது பரிசோதன."

"அக்காவுக்கா? தெரிஞ்சா உங்கள அடுப்புல தள்ளி மூடிடுவாங்க."

"மாவ முழுங்கியும் தேறுனான்னு வையி, டீச்சரோட வண்டவாளம் வெளிய வந்துடும். செப்டம்பர்ல எங்க கல்யாண நாளு. டீச்சரையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் பாட்டில தொறந்து காட்டப் போறேன்."

தூளை எறிய மனம் வரவில்லை. அவ்வளவு விலை. காகிதத்தில் மடித்து மாவு மூட்டைக்கு மேல் பலகையில் வைத்தார். அதன்பின் வந்த பாட்டில்களுக்கும் இதே கதிதான்.

அமலம்மாள் மாவுக் கேப்சூலை விழுங்கினார். விழுங்கிவிட்டு இன்னும் நன்றாகத் தேறினார். "இந்த பாட்டில் போன பாட்டிலவிட நல்லா இருக்குங்க" என்று ஒரு நாள் சொன்னபோது பாக்கியநாதன் சிரிப்பை அடக்கக் கழிவறைக்குள் ஓடினார். ஜூலைக் கடைசியில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் அமலம்மாள் கையில் மெழுகுவத்தியோடு பவனி முழுக்க நடந்தார். ஒரு இருமல் இல்லை. பக்கத்தில் நடந்த பாக்கியநாதன் ஜெபமாலை சொல்லவில்லை. செப்டம்பரில் பேசவேண்டிய வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் இருமல் திரும்பி வந்தது.

முதலில் திருவிழாத் தூசி என்றார் பாக்கியநாதன். பிறகு ஐஸ் தண்ணீர் என்றார். ஒரு காலையில் அமலம்மாளின் தலையணை உறை வேர்வையில் நனைந்து கிடந்தது. அதைத் தொட்ட விரலை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த பன்னை அமலம்மாள் பாதி தின்றுவிட்டுத் தள்ளி வைத்தார். தேங்காய்ப்பூ வைத்த பன். அதை அமலம்மாள் மிச்சம் வைத்து அவர் பார்த்ததில்லை.

அப்போதுதான் பாக்கியநாதனுக்குப் பலகையில் மடித்து வைத்த காகிதம் ஞாபகம் வந்தது. ஒருவேளை அந்தத் தூள் உண்மையாகவே வேலை செய்ததோ? காவல்காரர்களை எழுப்பிக்கொண்டிருந்த சத்தை எடுத்துவிட்டு மாவை அடைத்தவன் நான்தானே? எல்லார் மேலும் சந்தேகப்பட்டவருக்கு இப்போது தன்மேல் சந்தேகம் வந்தது. அது மற்ற சந்தேகம் மாதிரி இல்லை. தூங்கவும் விடவில்லை, தின்னவும் விடவில்லை.

கடைக்கு ஓடினார். பலகையில் காகிதம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"அதுவா?" என்றான் பக்கிரிசாமி. "வீணாப் போவுதேன்னு டெய்லி கோப்பியில போட்டுக் குடிச்சிட்டேன் அண்ணே."

"குடிச்சியா! என்னா ஆச்சு? ஒடம்பு எப்படி இருக்கு? சொல்லுடா!"

"ஒண்ணும் ஆகல. வழக்கம்போல ரெண்டு தடவ சளி புடிச்சிது."

இதைக் கேட்டு நிம்மதி அடைவதா, பயப்படுவதா என்று பாக்கியநாதனுக்குத் தெரியவில்லை. மாவு ஒட்டிய பனியனோடு மோட்டோ சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்குப் போய் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். சுளீரென்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்தே வைத்திருந்தார். பழைய ரொட்டி ஞாபகம்.

டீச்சருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது வேறு கேள்வி.

"கப்சூல் கிடக்கட்டும். கிளினிக் குளிசை எடுக்கிறாவோ?"

"மாத்திரையா? எடுக்கிறா. அட்டையில நானே சைன் போடுறேன்."

"விழுங்கிறதைக் கண்ணால பாத்தனீங்களோ?"

பாக்கியநாதன் பனியனில் ஒட்டிய மாவைத் தட்ட ஆரம்பித்தார்.

"அண்டைக்கே வாசல்ல நிண்டு சொன்னனான், டொக்டரின்ட குளிசையை மட்டும் விட்டிடாதைங்கோ எண்டு. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை. மோந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை எடுத்துப் பார்த்தார். கட்டம் கட்டமாக அவர் கையெழுத்து. அன்றைக்கு வியாழக்கிழமை. வெள்ளி, சனி இரண்டுக்கும்கூட அமலம்மாள் மாத்திரை விழுங்கிவிட்டதாக அவரே சாட்சி சொல்லியிருந்தார்.

"அமலி, நான் ஒரு தப்பு செஞ்சிட்டேன்" என்று ஆரம்பித்துக் கேப்சூல் கதையைச் சொன்னார். அமலம்மாள் கட்டிலில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டார்.

"ஜூனுலேர்ந்து நான் முழுங்குனது மாவா?"

"மாவுதான்."

"எந்த மாவு?"

"கடை மாவு. நல்ல மாவு. சலிச்சது."

அமலம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கண்ணில் தண்ணீர் வந்து, முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மார்ச்சுக்குப் பிறகு பாக்கியநாதன் அந்த முதுகைத் தொட்டது அன்றைக்குத்தான். எலும்பு கையில் தட்டியது.

பிறகு அமலம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய் மாவு டின்னை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். நாள் முழுக்க மாவில் கிடப்பவர், வீட்டு மாவு டின்னைத் திறக்கவே மாட்டார் என்று தெரிந்துதான் அதில் ஒளித்திருந்தார். மாவுக்குள் பிளாஸ்டிக் பையில் மாத்திரைகள். இரண்டரை மாத மாத்திரைகள்.

"ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுதுங்க. ரத்தம்னு பயந்துட்டேன். வயித்தப் பொரட்டுது. மிஸ்ஸி முன்னாடின்னா முழுங்கித்தான ஆவணும், வீட்டுக்கு வந்ததும் விட்டுட்டேன். அதான் நல்லாயிட்டேனே, கேப்சூல் போதும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயா? அதையும் கிளாஸ்ல புடிச்சிட்டு வா, பத்து நிமிசம் பாக்கலாம்னு சொல்லுவீங்க."

பாக்கியநாதன் தலை குனிந்தார். சொல்லியிருப்பார்தான்.

"அந்தக் கேப்சூல எப்படி அவ்ளோ நம்புன?"

"கேப்சூல யாரு நம்புனா? டீச்சரத்தான் நம்புனேன்." அமலம்மாள் மேசையைக் காட்டினார். "அன்னிக்கு மாடி ஏறி வந்து தண்ணி கேட்டாங்க. நான் எழுந்திருக்கிறதுக்குள்ள அந்த நூலு கட்டுன டம்ளர எடுத்துக்கிட்டாங்க. டீச்சர், அது என்னோடதுன்னேன். இருக்கட்டுமேன்னு முழுசா குடிச்சாங்க. இந்த வீட்டுல வேற யாரு குடிச்சா?"

ஹாலில் அவர் படுக்கை சுருட்டிய மேனிக்கு இருந்தது. பாக்கியநாதன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கிளினிக்கில் மிஸ்ஸி சந்திரிகா அட்டையைப் புரட்டினார்.

"இந்தக் கையெழுத்துக்காரர் யாரு?"

"நான்தான் மிஸ்ஸி."

"பார்த்துத்தான் போட்டீங்களா?"

"இல்ல."

"தேனக்கூட தண்ணியில போட்டுப் பாக்குற மனுசன்னு அக்கா சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க. இந்த அஞ்சு மாத்திரைய பாக்க உங்களுக்கு நேரமில்லையா?"

சளியில் கிருமி திரும்பியிருந்தது. மறுபடி முதலிலிருந்து, இந்த முறை எட்டு மாதம், முதல் இரண்டு மாதம் தினமும் ஊசியும் சேர்த்து என்றார்கள். சிறுநீர் சிவப்பாகப் போவது மாத்திரையின் சாயம்தான், ரத்தம் இல்லை என்று மிஸ்ஸி இப்போது மெதுவாக, மூன்று தடவை சொன்னார். டம்ளரில் நூல் கட்டிய கதையைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"டம்ளர்ல இது ஒட்டாதுலா. காத்துலதான் பரவும். நீங்க ஜன்னல சாத்திட்டு டம்ளர பிரிச்சிருக்கீங்க! ஜன்னல தொறந்து விடுங்க முதல்ல."

பாக்கியநாதன் வெள்ளை பாட்டிலை மேசைமேல் வைத்தார். அன்று காலை டீச்சர் கொடுத்தனுப்பிய புது பாட்டில்.

"இது வேல செய்யுமா, செய்யாதா? ஒண்ணு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுண்ணே. ஆராய்ச்சி பண்றாங்களாம். ஆனா டிபி கிருமிய இது கொல்லும்னு யாரும் காட்டல. கொல்றது இந்த மாத்திரைதான். அத டாக்டர்கிட்ட காட்டாம சேர்த்துக் குடுக்காதீங்க."

தெரியாது என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னது பாக்கியநாதனுக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தண்ணீரில் போடாமலே ஒருவரை நம்பினார். பாட்டிலை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் கோபிக்கவில்லை. "முதல்ல அவ சுகப்படட்டும்" என்று வாங்கி உள்ளே வைத்தார்.

அதன்பிறகு தவுக்கேயிடம் சொல்லி மதியம் மாவு பிசையும் ஷிஃப்டுக்கு மாறினார். காலையில் அமலம்மாளை மோட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோவார். மாத்திரை வாய்க்குள் போனதும், "ஆ காட்டு. நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம்" என்று மிஸ்ஸிக்கு முன்னால் இவர் குனிந்து பார்ப்பார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அன்றன்றைய கையெழுத்து அன்றன்றைக்கு. ஒரு கட்டத்தில் நீல மை, ஒன்றில் கறுப்பு, சிலவற்றில் மாவுக் கறை.

அடுத்த வருடம் மே மாதம் சளியில் ஒன்றும் இல்லை என்று எழுதி, மிஸ்ஸி சந்திரிகா அட்டையை முடித்துக் கொடுத்தார்.

அன்று பாக்கியநாதன் கடையிலிருந்து தேங்காய்ப்பூ பன் கொண்டுவந்தார். ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. கீழே யாரோ யாரையோ திட்டும் சத்தம் எட்டு மாடிக்கும் தெளிவாகக் கேட்டது. அமலம்மாள் பன்னைக் கையில் வாங்கினார். பிட்டார். உள்ளே பார்த்தார். மோந்தார்.

"என்னா பாக்குற?"

"உள்ள என்னா அடைச்சிருக்கீங்கன்னு."

"தேங்காப்பூ, அமலி. சத்தியமா."

"உங்க சத்தியத்த எனக்குத் தெரியும்லா." சிவப்பு நூல் கட்டியிருந்த தன் பழைய டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சீனி போட்டு, பன்னில் ஒரு துண்டைக் கிள்ளி அதில் போட்டார். "ஒக்காருங்க. பத்து நிமிசம்."

பாக்கியநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அமலம்மாளும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கடிகாரத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பன் துண்டு ஊறி உப்பி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"செத்துப்போச்சு" என்றார் அமலம்மாள்.

பாக்கியநாதன் அந்த டம்ளரை எடுத்து, ஊறிய பன்னோடு சேர்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டு, மீதிப் பன்னை அமலம்மாள் பக்கம் தள்ளினார்.